முதல் விமானம், தனியா, கையில மூணரை கிலோ வெள்ளி: சேலத்துக்காரங்க வழி சொல்லுங்க

சிவதாபுரம்_கொலுசு | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க வீட்டுல கொலுசுப் பட்டறை. தாத்தா காலத்துல இருந்து இதே வேலைதான். ஜெய்ப்பூர் ஜோஹரி பஜார்ல ரெண்டு கடைக்காரங்க எங்க சலங்கைக் கொலுசோட மாதிரியைப் பாத்துட்டு, நேர்ல கொண்டாங்க, எடை போட்டுப் பேசிக்கலாம்னுட்டாங்க. வழக்கமா அப்பாதான் வெளியூர் போவார். அதுவும் ரயில்ல. இப்ப முட்டி ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கார். அதனால பொங்கல் முடிஞ்சதும் நான் போறேன்.

டிக்கெட் போட்டாச்சு. சேலம் டு பெங்களூரு, அங்க ரெண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்து ஜெய்ப்பூர். ஒரே பிஎன்ஆர்.

எனக்கு வயசு 24. விமானத்தை ஓமலூர் ரோட்டுல போகும்போது தலைக்கு மேல பாத்ததோட சரி. கூட யாரும் வரல. கொலுசு மூணரை கிலோ. அதைக் கையில வச்சுக்கறதா, பெட்டியில போடறதா? சோதனையில புடிச்சுக்கிட்டா என்ன சொல்றது? பெங்களூருல இறங்கினா எந்தப் பக்கம் போறது? சிரிக்காம சொல்லுங்க.

ஐந்துரோடு_ஆள் | ஞாயிறு, இரவு 10.15

சிரிக்க என்னம்மா இருக்கு. நான் முதல் தடவை போனப்ப சீட் பெல்ட்டைக் கழட்டத் தெரியாம, எல்லாரும் இறங்கின பிறகும் உக்காந்திருந்தவன். மேல இருக்கற தகட்டைத் தூக்கணும், அவ்வளவுதான். கார் பெல்ட் மாதிரி பட்டனைத் தேடிட்டு இருந்தேன்.

முதல்ல நிம்மதியான விஷயம். நீங்க ஏறப்போறது காமலாபுரத்துல. முதல் தடவை போறவங்களுக்கு அதை விட நல்ல இடம் கிடைக்காது. சின்ன கட்டடம். வழி தவறணும்னு நினைச்சாலும் தவற முடியாது. 1993-ல திறந்த விமான நிலையம், பாதி நாள் பூட்டித்தான் கிடந்துச்சு. 2018 மார்ச்ல, சின்ன ஊருக்கு விமானம் விடற உடான் திட்டத்துல சென்னைக்கு விட்டாங்க, 2021-ல நின்னு போச்சு. மறுபடி 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சதுதான் இப்ப நீங்க போறது. நேரம் அப்பப்ப மாத்துவாங்க. டிக்கெட் போட்டப்ப இருந்த நேரத்தையே நம்பாம, முந்தின நாள் ஒரு தடவை பாத்துருங்க.

கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கவுண்டரை மூடிருவாங்க. ஏறும் கேட்டை 25 நிமிஷம் முன்னாடி. அது இது ரெண்டும் பஸ் ஸ்டாண்ட் கணக்கு கிடையாது, கெஞ்சினாலும் திறக்க மாட்டாங்க. நீங்க ரெண்டு மணி நேரம் முன்னாடி போயிருங்க. ஓமலூர் தாண்டி இருக்கறதால திரும்பி வர ஆட்டோ கிடைக்கறது குதிரைக்கொம்பு. கொண்டு விடறவங்களை வண்டியோட வரச் சொல்லுங்க.

ஏற்காடு_மிளகு | ஞாயிறு, இரவு 10.48

பயம்னு நீங்க சொல்லல, ஆனா இருக்கும்னு நினைக்கறேன். காது அடைக்கறது மட்டும் சொல்றேன்.

அடிவாரத்துல இருந்து ஏற்காடு ஏறும்போது பத்தாவது கொண்டை ஊசி தாண்டினதும் காது கும்முனு ஆகுமே, எச்சி முழுங்கினா 'டப்'னு திறக்குமே, விமானத்துல நடக்கறதும் அதேதான். வெளிக்காத்து அழுத்தம் குறையுது, காதுக்குள்ள இருக்கற காத்து வெளிய வர வழி தேடுது. விமானம் எவ்வளவு உயரம் போனாலும் உள்ள அழுத்தத்தை 8000 அடி மலை மேல இருக்கற அளவுக்குக் கீழ விடாம வச்சிருப்பாங்க. ஏற்காடு சுமார் 5000 அடி. ஆக, நீங்க ஊட்டியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேல போயிட்டு வர்றீங்க, அவ்வளவுதான் உங்க காதுக்குத் தெரியும்.

ஏறும்போது பெருசா தெரியாது. இறங்கும்போதுதான் வலிக்கும். அந்த நேரம் தூங்காதீங்க. புளிப்பு மிட்டாய் ஒண்ணு வாயில போட்டுக்குங்க. சளி பிடிச்சிருந்தா மட்டும் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, அது நிஜமாவே கஷ்டம்.

இன்னொண்ணு. பெங்களூரு வடக்கே இருக்கறதால வலது ஜன்னல் கேளுங்க. சேர்வராயன் மலை அந்தப் பக்கம். இடது பக்கம் உக்காந்தா காவிரி, மேட்டூர் பக்கம். நான் மலைக்காரன், மலையைத்தான் சொல்வேன்.

லீபஜார்_பெரியவர் | திங்கள், காலை 6.20

வெள்ளி வியாபாரத்துல 40 வருஷம் இருக்கறவன் சொல்றேன். வயசுப் பொண்ணைத் தனியா வெள்ளியோட அனுப்பறது புத்திசாலித்தனம் இல்ல. பார்சல்ல இன்சூரன்ஸ் போட்டு அனுப்புங்க. இல்ல, சொந்தத்துல ஒரு ஆம்பளைப் பையனைக் கூட அனுப்புங்க.

சிவதாபுரம்_கொலுசு | திங்கள், காலை 8.05

ஐயா, சொந்தத்துல இருக்கற ஆம்பளைப் பையன் என் தம்பி. போன மாசம் செவ்வாய்ப்பேட்டைக்கு அரை கிலோ குடுத்து அனுப்பினோம். பையை டீக்கடை பெஞ்சுல வச்சுட்டு வந்துட்டான். கடைக்காரர் போன் பண்ணி, வந்து எடுத்துக்கச் சொன்னார். பார்சல்ல அனுப்பலாம், ஆனா செய்கூலி பேசறது பார்சலுக்குத் தெரியாதுங்களே.

ரெண்டாம்_பெட்டி | திங்கள், காலை 9.30

மேல சொன்ன பதிலுக்கு ஒரு கைத்தட்டல்.

நான் மாசம் நாலு தடவை பறக்கறவன், மெஷின் உதிரி பாக விற்பனை. வெள்ளி விஷயத்துல ஒரே விதி: பெட்டியில போடவே கூடாது. செக்-இன் பெட்டியில வச்ச நகை, பணம் காணாமப் போனா விமான நிறுவனம் பொறுப்பு ஏத்துக்காதுன்னு டிக்கெட் விதியிலயே எழுதியிருக்கும். கைப்பைதான்.

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. சேலத்துல இருந்து போறது ஏடிஆர் ரகம், விசிறி வச்ச சின்ன விமானம். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சீட்டு. தலைக்கு மேல இருக்கற தட்டு ரொம்பச் சின்னது. சக்கரம் வச்ச ட்ராலியைக் கைப்பைன்னு கொண்டு போனீங்கன்னா, படிக்கட்டுக்கிட்டயே வாங்கி ஒரு சீட்டுக் கட்டி கீழ சரக்கு அறையில போட்டுருவாங்க. எனக்கு அப்படி ஆச்சு. மத்தவங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல, இறங்கினதும் திருப்பித் தந்துருவாங்க. உங்களுக்கு அதுக்குள்ள மூணரை கிலோ வெள்ளி. அதனால மெத்துனு இருக்கற முதுகுப் பை எடுங்க. முன் சீட்டுக்கு அடியில நுழையணும், ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கணும். அவசர வழி பக்கத்துச் சீட்டு மட்டும் வேண்டாம், அங்க காலடியில பை வைக்க விடமாட்டாங்க.

எடை 7 கிலோ வரைக்கும் கைப்பை, ஒண்ணே ஒண்ணு. பெட்டி உள்நாட்டுல பொதுவா 15 கிலோ, ஆனா உங்க டிக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

எக்ஸ்ரேல வெள்ளி கருப்புக் கட்டியாத் தெரியும். கண்டிப்பாத் திறக்கச் சொல்வாங்க. பயப்படாதீங்க, அது குத்தம் இல்ல, உள்ள என்னன்னு அவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். பத்து ஜோடி ஒரு பொட்டலம்னு கட்டி, ஒவ்வொண்ணு மேலயும் எடை எழுதி, பட்டியல் ஒண்ணு மேலயே வச்சுக்குங்க. "தனியா வச்சுப் பாருங்க சார்"னு கேட்டா ஓரமாக் கூட்டிட்டுப் போய்ப் பாப்பாங்க. நாலு பேர் முன்னாடி பெஞ்சுல பரப்ப வேண்டியதில்ல.

அப்புறம் காலுல போட்டிருக்கற கொலுசுக்கு மெட்டல் டிடெக்டர் கத்தும். பெண்களுக்குத் திரை போட்ட இடத்துல பெண் காவலர்தான் சோதிப்பாங்க. உங்க பை எக்ஸ்ரேக்குள்ள போகும்போது நீங்க திரைக்குள்ள இருப்பீங்க. பை அந்தப் பக்கம் வந்து தனியா நிக்கும். அதனால திரைப் பக்கம் உங்க முறை வர்ற வரைக்கும் பையை விடாதீங்க. முதல்ல பையைத் தள்ளிட்டு வரிசையில நிக்காதீங்க.

கணக்கு_நோட்டு | திங்கள், மதியம் 1.10

காகிதம் நான் சொல்றேன்.

விக்காம, மாதிரிக்குக் காட்ட எடுத்துட்டுப் போறீங்க, அதனால பில் போட முடியாது. டெலிவரி சலான், அதாவது சரக்கு எடுத்துட்டுப் போற சீட்டு போடுங்க. ஜிஎஸ்டி விதி 55-ன் கீழ மூணு பிரதி. எண், தேதி, ஜோடிக் கணக்கு, எடை, டச் (வெள்ளியோட சுத்தம்), உத்தேச மதிப்பு, யாருக்குக் காட்ட எடுத்துட்டுப் போறீங்கன்னு எல்லாம் இருக்கணும். தங்கம் வெள்ளி நகைக்கு இ-வே பில்லுல இருந்து விலக்கு உண்டு. ஆனா அது சலான் இல்லாம போகலாம்னு அர்த்தம் இல்ல, நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. ஒப்புதலுக்கு அனுப்பற சரக்குக்கு ஆறு மாசம் கெடு. அதுக்குள்ள திரும்பி வரணும், இல்லாட்டி பில் போட்டுரணும். அங்கயே ஏதாவது வித்துட்டா, மீதியைக் கொண்டு வரும்போது கணக்கு பொருந்தற மாதிரி பில் கையில இருக்கணும்.

உங்க ஜிஎஸ்டி பதிவுச் சான்று நகல் ஒண்ணு. உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க. அப்பா பேர்ல பட்டறை இருந்தா, "என் மகள் எடுத்துச் செல்கிறார்"னு அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒண்ணு சேத்துக்குங்க.

சிவதாபுரம்_கொலுசு | திங்கள், இரவு 8.30

எல்லாருக்கும் நன்றிங்க, நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். இன்னும் ரெண்டு.

ஒண்ணு: ஆதார்ல எனக்கு இனிஷியலோட பேர். டிக்கெட் போடறப்ப கடைசிப் பேர்னு கேட்டுச்சு, விடமாட்டேன்னுச்சு. தம்பி அப்பா பேரை முழுசா அடிச்சுட்டான். தப்பாங்க?

ரெண்டு: திருகாணி கழண்டா மாட்ட குறடு, டச் பாக்க கல்லும் ஆசிட் பாட்டிலும், பத்தவைக்க சின்ன கேஸ் ஊதுகுழல் எடுத்துட்டுப் போலாம்னு அப்பா சொல்றார்.

ரெண்டாம்_பெட்டி | திங்கள், இரவு 9.15

அய்யய்யோ. கேட்டீங்களே, நல்ல வேளை.

ஊதுகுழல், கேஸ் டப்பா, ஆசிட்: பெட்டியிலயும் கூடாது, கையிலயும் கூடாது. வீட்லயே வச்சுட்டு வாங்க. தீப்பெட்டி, லைட்டரும் அப்படித்தான். டச் பாக்கறதை ஜோஹரி பஜார்ல அவங்க கல்லுலயே பாக்கட்டும். குறடு, அரம், கத்தரிக்கோல் எல்லாம் பெட்டிக்குள்ள. கைப்பையில ஒண்ணு கிடந்தாலும் எடுத்துக் கூடையில போட்டுருவாங்க, நல்ல குறடு போச்சேன்னு வருத்தப்படுவீங்க. பவர் பேங்க் மட்டும் இதுக்கு நேர் எதிர், கைப்பையில மட்டும்தான். பெட்டியில வச்சா பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவாங்க.

பேர் விஷயம் தப்பில்ல. தமிழ்நாட்டுல பாதிப்பேர் கதை இதுதான். இனிஷியலை விரிச்சா அப்பா பேர் வருது, ஆதார்ல அந்த எழுத்து இருக்கு, போதும். எழுத்துப் பிழை மட்டும் இல்லாம பாருங்க. ஆதார் அசல் கையில. அப்பா பேர் அதுல முழுசா இல்லாட்டி வேற அடையாள அட்டை ஒண்ணும் வச்சுக்குங்க.

ஓமலூர்_டீக்கடை | செவ்வாய், காலை 7.00

எதுக்கு இவ்வளவு? ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலை பெங்களூரு. அங்கிருந்து நேரா ஜெய்ப்பூர் விமானம். காசு மிச்சம், மாறி ஏற வேண்டியதில்ல.

ஐந்துரோடு_ஆள் | செவ்வாய், காலை 7.45

அண்ணே, நம்ம ஊரு பஸ் ஓசூர் வழியா ஊருக்குத் தெற்கே நுழையுது. விமான நிலையம் தேவனஹள்ளியில, வடக்குக் கோடி. நடுவுல முழுப் பெங்களூரு. சில்க் போர்டுல ஒரு விடியக்காலை நான் விமான நிலையம் போற வாயு வஜ்ரா பஸ்ல உக்காந்து கடிகாரத்தைப் பாத்துட்டிருந்தப்பதான் என் விமானம் கிளம்பிப் போச்சு. ஒம்போதாயிரம் ரூபா. ஒரு பைசா திரும்பல.

ஒரே பிஎன்ஆர்ல இருக்கறதோட பலம் அங்கதான். சேலம் விமானம் தாமதமாகி ஜெய்ப்பூர் விமானம் தவறினா அடுத்ததுல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டா இருந்தா உங்க தலையெழுத்து. அதோட ராத்திரி பஸ்ல மூணரை கிலோ வெள்ளியை மடியில வச்சுக்கிட்டுத் தூங்கச் சொல்றீங்களா?

ஜனவரியில வடக்கே மூடுபனி. ஜெய்ப்பூர் விமானம் தாமதமாக வாய்ப்பு உண்டு, மனசைத் தயாராக்கிக்குங்க. பறக்கற நேரத்தைப் பொறுத்து ரெண்டு மணி நேரமோ மூணு மணி நேரமோ தாமதமானா சாப்பாடு தரணும்னு விதி இருக்கு, கேட்டாதான் வரும். ஆறு மணி நேரத்துக்கு மேலன்னா வேற விமானம், இல்லாட்டி முழுப் பணம். பனிக்கு நஷ்டஈடு கிடையாது, அதைக் கேட்டுச் சண்டை போட்டுப் பிரயோஜனமில்ல. கடைக்காரங்களைப் பாக்கறதை மறுநாளைக்கு வச்சுக்குங்க.

பெட்டிக்கு சேலத்துலயே "ஜெய்ப்பூர் வரைக்கும் டேக்"னு கேளுங்க. டேக்ல ஜே, ஏ, ஐன்னு மூணு எழுத்து இருக்கணும். பெங்களூருல பெட்டிக்குக் காத்திருக்காம மாறும் பயணிகள்னு எழுதின அம்புக்குறி பின்னாடி நடங்க. அங்க மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை வரும், மறுபடி வெள்ளியைத் திறக்கணும். டெர்மினல் ரெண்டு இருக்கு, எதுல இறங்கி எதுல ஏறணும்னு போர்டிங் பாஸ்ல பாருங்க.

தட்டுவடை_செட் | செவ்வாய், இரவு 10.00

சாப்பாட்டைப் பத்தி ஒருத்தரும் பேசலையே, என்ன ஊருக்காரங்க நீங்க. தட்டுவடை, முறுக்கு தாராளமா எடுத்துட்டுப் போலாம், ஆனா நடுவுல சட்னி, காய் வச்சு செட் போட்டு எடுத்துட்டுப் போக முடியாது, சட்னி நனைஞ்சு ஜெய்ப்பூர் போறதுக்குள்ள கஞ்சியாயிரும். தட்டை தனியா, வீட்டுல இருந்து பூண்டுப் பொடி தனியா. ஊறுகாய் எண்ணெயோட இருந்தா பெட்டிக்குள்ள, மூணு கவர் சுத்தி. கொப்பரைத் தேங்காய் கூடவே கூடாது, எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்கும்னு தடை. சபரிமலைக்குப் போறவங்க இருமுடித் தேங்காயைக் கையில கொண்டு போக 2022-ல தனியா அனுமதி வாங்க வேண்டியிருந்துச்சுன்னா பாத்துக்குங்க.

லீபஜார்_பெரியவர் | புதன், காலை 6.15

பாப்பா, முந்தாநேத்து நான் எழுதினது கொஞ்சம் பழைய ஆள் பேச்சுதான். விடு. ஒரு வேலை செய். ஒவ்வொரு பொட்டலத்தையும் உங்க தராசு மேல வச்சு, எடை எண் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அப்பா போனுக்கு அனுப்பிரு. அங்க கடையில எடை போடும்போது அந்த எண்ணோட ஒத்துப் பாரு. அவங்க தராசுல ரெண்டு கிராம் குறைஞ்சா வாய் திறந்து கேளு. விமானத்துல வெள்ளி போகாது, தராசுலதான் போகும்.

சிவதாபுரம்_கொலுசு | ஜனவரி, கிளம்பற முந்தின ராத்திரி

பெரியவர் சொன்ன மாதிரி எல்லாம் போட்டோ எடுத்தாச்சுங்க. ஒரு கூத்து. எங்க வீட்டுல மில்லிகிராம் வரைக்கும் காட்டற தராசு மூணு இருக்கு. பெட்டியை எடை போட ஒரு தராசு இல்ல. கடைசியில பக்கத்துப் பழைய பேப்பர்க் கடைத் தராசுல கொக்கி மாட்டித் தூக்கினோம். பெட்டி 11 கிலோ. கைப்பை 6 கிலோ 200, அதுல வெள்ளி போக சலான், தட்டை, ஸ்வெட்டர். வெப் செக்-இன் பண்ணி வலது ஜன்னல் எடுத்தாச்சு. தூக்கம் வரல.

சிவதாபுரம்_கொலுசு | ஆறு நாள் கழிச்சு

வந்துட்டேன்ங்க!

காமலாபுரத்துல சோதனைக்கு நின்னப்ப கை நடுங்குச்சு. பையைத் திறக்கச் சொன்னாங்க. ஓரமாப் பாக்கலாமான்னு கேட்டேன், சரின்னாங்க. பொட்டலம் பிரிச்சு, பட்டியல் பாத்து, மூணு நிமிஷம். பெங்களூருலதான் கொஞ்ச நேரம் ஆச்சு. அங்க ஒரு பெண் காவலர், கைக்குழந்தைக் கொலுசு ஒரு ஜோடியைத் தூக்கிப் புடிச்சு ஆட்டிப் பாத்தாங்க. மூணு முத்துதான் வச்சிருக்கோம், மெல்லிசா கேட்டுச்சு. என்ன விலைன்னு கேட்டாங்க. வித்தா சலான் கணக்கு இடிக்கும்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க. அட்டை குடுத்துட்டு வந்திருக்கேன்.

ஏடிஆர் விமானத்துக்கு வால் பக்கம்தான் படி. ஏறினதும் விசிறி சத்தம் எங்க பட்டறை மெருகு மெஷின் மாதிரியே இருந்துச்சு, பயம் பாதி போச்சு. எழும்பும்போது வயித்துல ஒரு பிடி. சக்கரம் உள்ள போனப்ப 'டொப்'புனு சத்தம், பக்கத்து சீட்டு அக்கா கையைப் புடிச்சுட்டேன், அவங்களும் முதல் தடவையாம். மலை தெரிஞ்சுதுங்க. வெள்ளை மேகம் மடிப்புல ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இறங்கும்போது காது வலிச்சது, புளிப்பு மிட்டாய் வேலை செஞ்சுது.

ஜெய்ப்பூர் மூணு மணி நேரம் தாமதம். சாப்பாடு கேட்டேன், தந்தாங்க. மறுநாள் கடையில ஒரு தராசு நாலு கிராம் குறைச்சுக் காட்டுச்சு. போட்டோவைக் காட்டினேன். வேற தராசு கொண்டு வந்தாங்க. லீபஜார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. ஒரு கடை ஆர்டர் குடுத்துட்டாங்க, இன்னொருத்தர் செய்கூலி குறைக்கச் சொல்றார், பேசிட்டிருக்கோம்.

திரும்பி வர்றப்பதான் மாட்டிக்கப் பாத்தேன். கேட் பக்கத்துல உக்காந்து தட்டை தின்னுட்டிருக்கேன், மைக்குல எங்கப்பா பேரைக் கூப்பிடறாங்க. யாரோ நம்ம ஊர்க்காரர் போல, இப்படித் தூங்கறாரேன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்க. அப்பவும் நான் தின்னுட்டுத்தான் இருந்தேன். மூணாவது தடவை என் பேரும் சேர்ந்து வந்துச்சு. தட்டைக் கவரைத் திறந்தபடியே ஓடினேன். கடைசி ஆளா ஏறினேன்.

வீட்டுல வந்து சொன்னேன். "நான் வாழ்க்கையில விமானம் ஏறினதே இல்ல, ஜெய்ப்பூர்ல என்னை மூணு தடவை மைக்குல கூப்பிட்டிருக்காங்க"ன்னு அப்பா ரெண்டு நாளா பட்டறைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார்.